நம்மட குடும்பம் குழு: மாரிக்கு முந்திக் கொப்பியும் டிசுவும்

*ஞாயிறு*

மச்சாள் (கல்லடி), இரவு 7.40
இந்த முறை கொப்பியெல்லாம் சேந்து வாங்குவமா? நம்மட அஞ்சு வீட்டிலயும் ஒம்பது பிள்ளைகள் படிக்குதுகள். டிசம்பர் கடைசியில கடைக்குப் போனா நெருக்கத்துக்க நிண்டு கையில அகப்படுறதத்தான் எடுக்கிற. போன முறை சதுர ரூல் கொப்பி எங்கயும் இல்ல.

நான், 7.44
ஓம் மச்சாள், நானும் இதத்தான் நினைச்சிக் கொண்டிருந்தன். கொப்பியோட வீட்டுக்கு வேணுமான மத்தக் கடதாசிச் சாமானையும் சேர்ப்பம். ஏ4 தாள், டிசு, சேவியட் (வாய் துடைக்கிற தாள்), பிறவுண் பேப்பர். காத்தான்குடியில மொத்தக் கடையில பெட்டியாக் கேட்டா விலை குறைப்பாங்க. ஆனா வெள்ளி மத்தியானம் போகக் கூடாது, ஜும்மாவுக்குப் பூட்டிடுவாங்க.

பெரியம்மா (காரைதீவு), 7.51
எனக்கு டிசு கொஞ்சம் வேணும் புள்ள. தை மாசம் லண்டனால சின்னவள் பிள்ளைகளோட வாறாள். இல்லாட்டி நமக்கு அது என்னத்துக்கு, தண்ணி இரிக்கு.

நான், 7.53
அது சரி பெரியம்மா. அவங்க நிக்கிற நாளுக்கு மட்டும் எடுப்பம். குசினியில துடைக்கிறதுக்கும் கிச்சின் ரோல் வேணாம், பழைய சாரத்த வெட்டி வச்சா துவைச்சுத் துவைச்சு வருசக் கணக்கில பாவிக்கலாம்.

சின்னம்மா (ஏறாவூர்), 8.05
*(படம்)* *(படம்)*
மனே, இதில எது லாபம்? முதலாவது டிசு பத்து ரோல். மற்றது நாலு ரோல்தான், ஆனா விலை கூட.

தம்பி (களுவாஞ்சிகுடி), 8.20
சின்னம்மா, ரோலை எண்ணாதீங்க. பக்கெட்டுக்குப் பின்னால சின்ன எழுத்தில ஒரு ரோலில எத்தின தாள், எத்தின பிளை (அடுக்கு) எண்டு போட்டிரிக்கும். தாளை ரோலால பெருக்கி, மறுகா விலையை அதால பிரிச்சுப் பாருங்க. நீங்க போட்ட முதல் படத்தில ரோலுக்கு 100 தாள், பத்து ரோல் எண்டா 1000. மற்றதில 280, நாலு ரோலுக்கு 1120. கனமா இரிக்கிற நாலு ரோல்தான் கூடத் தாள். பெருவிரலால ஒருக்கா அமத்தியும் பாருங்க, மெத்தை போல உள்ளுக்குப் போனா தொய்வாச் சுத்தியிருக்காங்க எண்டு அர்த்தம். நடுவில இரிக்கிற மட்டைக் குழாய் அகலமா இருந்தாலும் அப்பிடித்தான்.

தம்பி, 8.31
என்ட போட்டோக்கொப்பிக் கடையில தினமும் பாக்கிற விசயம் ஒண்டு சொல்லுறன், எல்லாரும் கவனமா வாசிங்க. ஏ4 ரீம் எண்டா 500 தாள். ஜிஎஸ்எம் எண்டா ஒரு சதுர மீற்றர் தாள் எத்தின கிராம் எண்ட கணக்கு. 80 ஜிஎஸ்எம் ரீம் கிட்டத்தட்ட 2.5 கிலோ நிக்கும், 70 ஜிஎஸ்எம் 2.2 கிலோவுக்குக் கிட்ட. கடையில தராசு இருந்தா வச்சுப் பாருங்க. மேலட்டையில 80 எண்டு போட்டு நிறை குறைஞ்சா தாள் மெல்லிசு, இல்லாட்டி எண்ணிக்கை குறைவு. பிள்ளைகள் வரையிறதுக்கும் கணக்குச் செய்யிறதுக்கும் 70 போதும். ரெண்டு பக்கமும் அச்சடிக்கிற ஆக்கள்தான் 80 வாங்க வேணும்.

கொப்பியில 80 பக்கம் எண்டா 40 தாள். ஒரே பக்கக் கணக்கில ரெண்டு சாதி கொப்பியக் கையில வச்சுத் தூக்கிப் பாருங்க, பாரமானதில தாள் தடிப்பு. மறுகா ஒரு தாளை வெளிச்சத்துக்குப் பிடிங்க. அடுத்த பக்கத்துக் கோடு தெளிவாத் தெரிஞ்சா பேனையால எழுத மை மற்றப் பக்கத்துக்கு வரும். பிள்ளை ஒரு பக்கத்தில மட்டும் எழுதும், கொப்பி பாதியில முடிஞ்சிடும். அப்ப மலிவு எங்க?

மச்சாள், 8.40
இது எனக்குத் தெரியாம இருந்திச்சு. சரி, வாங்கினா எங்க வைக்கிற? நம்மட வீட்டில ஏலாது. 2024 நவம்பர் வெள்ளத்தில தண்ணி உள்ளுக்கு வந்தது எல்லாருக்கும் தெரியும். ஏ.எல் (உயர்தர) சோதனையையே அப்ப நிப்பாட்டின.

நான், 8.46
இதுதான் முக்கியம் மச்சாள். நம்மட மட்டக்களப்புப் பக்கம் ஐப்பசி முடியத் துவங்கிற மழை தை வரைக்கும் விடாது. வெள்ளம் வராட்டியும் ஈரம் வரும். கடதாசி காத்தில இரிக்கிற ஈரத்த உறிஞ்சும். போன மாரியில அடுத்த வீட்டு அக்கா கொப்பிக் கட்டைச் சீமெந்து நிலத்தில, சுவரோட சேர்த்து வச்சிருந்தா. எடுத்துப் பாக்க அடிக் கொப்பிகள் அலை அலையா நெளிஞ்சு, அட்டையில புள்ளி புள்ளியாப் பூஞ்சணம். அதில பேனை வச்சா மை பரவுது. கடையில மிச்சம் பிடிச்ச காசு முழுக்க அந்த மூலையில போயிட்டு.

ஆனபடியா வாங்கிறதுக்கு முந்தி இடத்தப் பாக்க வேணும். ரெண்டு கல்லு வச்சு மேல பலகை போட்டு, சுவரில இரிந்து நாலு விரல் தள்ளி அடுக்க வேணும். வெளிச் சுவர்ப் பக்கம் வேணாம், உள்ளறைச் சுவர் நல்லம்.

பெரியம்மா, 8.52
அலுமாரிக்கு மேல வச்சா?

தம்பி, 8.55
ஓடு ஒழுகாட்டி வைக்கலாம் பெரியம்மா. தகரம் எண்டா வேணாம், பகல் சூடும் ராவு ஈரமும் மாறி மாறி அடிச்சா தாள் சுருளும். ரீமை பக்கெட்டோடயே வைங்க, உடைச்சு வைக்க வேணாம். அந்த மேல் உறைதான் ஈரத்தத் தடுக்கிற. நெளிஞ்ச தாள் பிறின்ரரில சிக்கிப் போகும், மாரிக் காலத்தில என்ட கடைக்கு வாற கேஸ் பாதி இதுதான்.

சின்னம்மா, 9.02
எனக்குப் பூச்சிதான் பயம். வெள்ளியா நெளிஞ்சு ஓடுமே, அது புத்தகத்த அரிச்சு வச்சிருந்திச்சு.

நான், 9.10
அதுக்குப் பசை, கஞ்சி எண்டா விருப்பம் சின்னம்மா. அதான் புத்தகத்திர முதுகையும் அட்டை ஒட்டின இடத்தையும் முதல்ல அரிக்கும். இருட்டும் ஈரமும் இருந்தாத்தான் பெருகும். மூடி இறுக்கமா இரிக்கிற பிளாஸ்ரிக் வாளி போதும். கழுவி, நல்லாக் காய விட்டு, மறுகா வைங்க. நிழலில காய வச்ச வேப்பிலையக் கடதாசியில சுத்திப் போடலாம். பச்சை இலையப் போட்டா அதுவே ஈரத்தக் கொண்டு வரும்.

நப்தலின் உருண்டை டிசு, சேவியட்டோட போட வேணாம். வாய் துடைக்கிற சாமான். டிசு மணத்தையும் இழுக்கும். சவுக்காரத் தூள், மண்ணெண்ணெய், கருவாடு ஒண்டும் கிட்ட இரிக்கக் கூடாது. ஒரு கலியாண வீட்டில சேவியட்ட எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டு போன உடனே கருவாட்டு மணம். மாப்பிள்ளை வீட்டு ஆக்களுக்கு முன்னால அந்தத் தாய் பட்ட பாடு பாவம்.

அப்புச்சி, 9.25
*(குரல் பதிவு)*

தம்பி, 9.33
அப்புச்சி சொன்னதை எழுதிறன், பெரியம்மாவுக்கு ஒலி வராது எண்டதால. "வாழைச்சேனைக் கடதாசி ஆலையில நான் வேலை செய்யக்குள்ள வயல் வைக்கல்ல தாள் செய்தம். கோடவுனில ஒரு கட்டைக் கூட வெறும் நிலத்தில வைக்க விடமாட்டாங்க, பலகை போட்டுத்தான். பழைய கட்டு முன்னுக்கு, புதுக் கட்டு பின்னுக்கு. நீங்களும் பக்கெட்டில வாங்கின மாசத்த எழுதி வச்சு, முந்தினத முந்தி எடுங்க. 2022ல கொழும்புப் பக்கம் தாள் இல்லாம பள்ளிக்கூடச் சோதனைய ஒத்தி வச்சாங்க. பிள்ளைகளிட கொப்பியில மிச்சமிரிக்கிற வெறும் தாளைக் கிழிச்சு எறிய விடாதீங்க."

நான், 9.36
ஓம் அப்புச்சி. வருசம் முடிய எல்லாக் கொப்பியிலயும் வெறும் தாளைக் கழட்டி, ஊசி நூலால தைச்சா ஒரு கணக்குக் கொப்பி வரும். நான் மூத்தவளுக்குத் தைச்சுக் குடுக்கிறன். பழைய பேப்பரையும் எறிய வேணாம், அலுமாரித் தட்டுக்கு விரிக்கலாம், கண்ணாடி துடைக்கலாம். வடை, பொரியல் மட்டும் அதில சுத்த வேணாம், எண்ணெயில அச்சு மை ஊறும்.

சின்னம்மா, 9.48
பிள்ளைகள், ஒண்டு சொல்லுறன். எனக்கு ஒரேயடியாக் காசு தர ஏலாது. அவருக்கு இந்த மாசம் வேலை குறைவு. நீங்க வாங்குங்க, நான் ஜனவரியில பாக்கிறன்.

மச்சாள், 9.50
இதென்ன கதை சின்னம்மா. நீங்க இல்லாம வாங்கிறது இல்ல.

நான், 9.58
சின்னம்மா, பெட்டியா வாங்கினா மலிவு எண்டு எல்லாரும் சொல்லுறாங்க, ஆனா பெட்டிக் காசு கையில இரிக்கிறவனுக்குத்தான் அந்த மலிவு. சேந்து வாங்கிறதே அதுக்காகத்தான். இந்த மாசச் சீட்டு எனக்கு விழுது. அதில உங்கட பங்கை நான் போடுறன், நீங்க மூண்டு மாசத்தில பிரிச்சுத் தாங்க. 2025க்கு அஸ்வெசும (அரசாங்க உதவிக் காசு) எடுக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாமானுக்கு 6000 ரூபா குடுத்த மாதிரி இந்த முறையும் வந்தா, அதை உங்கட பிள்ளைகளிட சப்பாத்துக்கும் பையுக்கும் வைங்க.

பெரியம்மா, 10.03
நல்ல முடிவு புள்ள. சாமான் எல்லாம் தம்பியிட மேல்மாடி அறையில இரிக்கட்டும். அங்க தண்ணியும் வராது, கறையானும் இல்ல. ரெண்டு மாசத்துக்குக் காணுமானத மட்டும் அவரவர் கொண்டு போங்க.

தம்பி, 10.06
அறை தாறன். பலகையும் இரிக்கு. வாங்கிறது இந்தக் கிழமைக்குள்ள நடக்க வேணும், மழையில பெட்டியச் சுமந்து கொண்டு வர ஏலாது. சனிக்கிழமை காலமை அக்காவும் மச்சாளும் ஆரையம்பதிச் சந்தியில நில்லுங்க, நான் ஓட்டோவோட வாறன். தார்ப்பாயும் கொண்டு வாறன்.

மச்சாள், 10.10
ஆர் ஆருக்கு என்ன வேணும் எண்டு வியாழனுக்குள்ள போடுங்க. பக்கம், ரூல், எண்ணிக்கை மூண்டும் எழுதுங்க. கொப்பி எண்டு மட்டும் எழுதினா நான் எதை எடுக்கிற?

சின்னம்மா, 10.21
ஒற்றை ரூல் 80 பக்கம் பத்து. சதுர ரூல் 120 பக்கம் நாலு. சித்திரக் கொப்பி ரெண்டு. டிசு வேணாம்.