பேசுனவங்க பேரை போர்டுல எழுதாம கிளாஸை எப்படி சமாளிக்கிறீங்க?

நாம படிக்கறப்பவும் இதானே, டீச்சர் வெளிய போனா லீடர் சாக்பீஸோட போர்டுகிட்ட நிப்பான், பேசுனவங்க பேரு, ரொம்ப பேசுனா பக்கத்துல ஒரு பெருக்கல் குறி வேற. நான் இருக்கறது ஈராசிரியர் பள்ளி, ஒன்னு ரெண்டு மூணு எல்லாம் ஒரே ரூம்ல என்கிட்டதான், எச்.எம் மீட்டிங்னு போயிட்டா நாலும் அஞ்சும் சேர்ந்து வந்து உக்காந்துக்கும். அதனால இந்த லிஸ்ட்டை அப்படியே திருப்பிப் போட்டு பாத்தேன், அடுத்தவங்களுக்கு உதவி பண்ணவங்க பேரை மட்டும் எழுதுடான்னு.

கொஞ்ச நாள் நல்லாதான் போச்சு, அப்புறம் பாத்தா லீடரோட கூட்டாளிங்க பேரா வருது, ஒரு வாலு வேணும்னே பக்கத்துல இருக்கறவன் பென்சிலை தட்டிவிட்டு அவனே குனிஞ்சு எடுத்துக் குடுத்துட்டு "டீச்சர் என் பேரையும் எழுதச் சொல்லுங்க டீச்சர்"ங்கறான், சிரிப்பு தாங்கல. இப்ப போர்டே கிடையாது, வாயாலதான். ஆனா மொட்டையா குட் பாய்னு சொல்றதில்ல, "அவ கேக்கறதுக்கு முன்னாடியே ரப்பர் குடுத்தியே, பாத்தேன்"னு நடந்ததை சொல்லிடுவேன். எண்ணும் எழுத்தும் திட்டத்துல புள்ளைங்களை படிப்பு நிலையை வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கிறோம்ல, அரும்புதான் ஆரம்ப நிலை, அரும்புல இருக்கற புள்ளைங்களுக்கு படிப்புல கைதட்டு கிடைக்க நாளாகும், ஆனா யாராவது விழுந்தா மொத ஓடுறது அதுங்கதான். உங்க ஸ்கூல்ல எப்படி? சொல்லுங்க.

எச்.எம் ஒருத்தர், ஈரோடு பக்கம்:
எங்களுக்கு காலை உணவு 2023 ஆகஸ்ட்ல வந்துச்சுங்க. வந்த புதுசுல தட்டு எடுக்கறதுலயே ஒரே தள்ளுமுள்ளு. அஞ்சாவது பசங்க ஆளுக்கு ரெண்டு ஒன்னாவது புள்ளைகள கைப்பிடிச்சு கூட்டியாந்து கை கழுவ வெச்சு உக்கார வெக்கோணும்னு சொல்லிப்போட்டேன். ரொம்ப சேட்டை பண்றவனுக்கும் அதே வேலைதானுங்க, அவன் என்னைய விட ஸ்ட்ரிக்ட்டு, நகம் அழுக்கா இருந்தா சோத்துகிட்ட விடமாட்டேங்கறான், அவனை புடிச்சு நிறுத்தறதுதான் இப்ப என்ர வேலை.

பசங்கள விட பெத்தவங்கதான் கஷ்டம். "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சுப்போடுங்க சார்"னு இன்னும் வந்து சொல்றாங்க, என்னமோ நமக்கு சலுகை குடுக்கற மாதிரி. அடிக்கறது, மனசு நோகப் பேசறது ரெண்டுமே கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுல இருக்குது, 2010லருந்து அமல்ல இருக்குதுன்னு சொன்னா நம்மள ஒரு மாதிரி பாக்கறாங்க. போன பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல சட்டத்தை விட்டுட்டு, உங்க புள்ளை வீட்டுல பண்ண நல்ல காரியம் ஒன்னு சொல்லுங்கன்னு கேட்டேன். குறை கேட்டிருந்தா வரிசை கட்டி வந்திருக்கும். ஒரு அப்பத்தா மட்டும் எந்திரிச்சு, பேரன் ஆட்டுக்குட்டிக்கு பாட்டில்ல பால் குடுத்த கதையை ஆரம்பிச்சு நிறுத்தவே இல்ல. மறுநாள் கிளாஸ்ல அதை சொல்லவும் பையன் மூஞ்சியை பாக்கோணுமே.

ரெண்டாங்கிளாஸ் பொண்ணோட அம்மா:
டீச்சருங்க நடுவுல நானும் வரலாமா? எங்க பாப்பா கிளாஸ்ல செவுத்துல ஸ்டார் சார்ட் ஒட்டியிருக்காங்க, நல்ல விஷயம்தான், ஆனா கத்திட்டே இருக்கற பசங்க அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா உடனே ஸ்டார், இவ எப்பவுமே சும்மாதான் இருப்பா, அதனால யார் கண்ணுலயும் படறதில்ல. ஒரு நாள் சாப்பிடறப்ப கேக்கறா, "அம்மா நானும் கொஞ்ச நாள் சேட்டை பண்ணிட்டு அப்புறம் நிறுத்தட்டுமா?" எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

தொடங்குன டீச்சர்:
அய்யோ சூப்பரா கண்டுபுடிச்சிருக்கா உங்க பாப்பா 😄 இந்த அமைதியான புள்ளைங்க எல்லா கிளாஸ்லயும் உண்டுங்க. நான் ஒரு நோட்ல எல்லார் பேரும் எழுதி வச்சிருக்கேன், பாராட்டுனா பேருக்கு நேரா பென்சில்ல ஒரு புள்ளி. வெள்ளிக்கிழமை பிரிச்சு பாத்தா புள்ளியே இல்லாதவங்க தெரிஞ்சிடுவாங்க, திங்கக்கிழமை மொத வேலையா அவங்க மேல ஒரு கண்ணு. நோட்டு பசங்க கண்ணுல படக்கூடாது, பட்டா அதுவும் ஸ்டார் சார்ட்தான். நீங்க கிளாஸ் டீச்சரை தனியா பாத்து பாப்பா கேட்டதை அப்படியே சொல்லுங்க, புகார் மாதிரி இல்லாம சிரிச்சுக்கிட்டே சொன்னா போதும், கண்டிப்பா புரிஞ்சுப்பாங்க.