'எலும்பு ஒட்டு' வேண்டாம், 'என்பிணைவு' என்போம்

> 'எலும்பு ஒட்டு' என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஒசியோஇன்டகிரேஷனுக்கு அதையே வைத்தால் என்ன?

அண்ணைக்கும் குழுமத்தாருக்கும் வணக்கம். பல்லுக்குப் பதிலாகத் தாடையில் திருகி வைக்கும் உலோக இம்பிளான்டோடு எலும்பு நேரே இணைவதைத்தான் ஒசியோஇன்டகிரேஷன் என்கிறார்கள்.

விளங்கும் அண்ணை, ஆனால் பிழையாக விளங்கும். தாடையில் எலும்பு போதாதவர்களுக்கு வேறிடத்து எலும்பை எடுத்து வைப்பதைத்தான் இப்போது 'எலும்பு ஒட்டு' என்கிறோம். ஒரே நோயாளிக்கு அதையும் செய்து இம்பிளான்டும் வைப்பதுண்டு. நோயாளியின் குறிப்பில் எது எதுவென்று பிரிப்பது எப்படி?

என் முன்மொழிவு 'என்பிணைவு'. எலும்பைக் குறிக்கும் என்பு எங்கள் பாடநூல்களில் பழகிய சொல். 1965இல் முதல் நோயாளிக்குத் தைத்தேனிய (டைட்டானிய) இம்பிளான்ட் வைத்த சுவீடன்காரர் பிரோனெமார்க் ஒசியோஇன்டகிரேஷன் என்ற பெயரால் சொன்னது, உயிருள்ள என்பு நடுவில் நாரிழையம் (நார்த்திசு) இல்லாமல் உலோகத்தோடு நேரே பொருந்துவதை. இணைவு என்றால் அது வந்துவிடுகிறது.

இதோடு 'முதற்பிடிப்பு' என்ற சொல்லும் வேண்டும். திருகி இறக்கியதும் இம்பிளான்ட் ஆடாமல் நிற்பதற்குக் காரணம் திருகுப் புரியின் ஆழம், வடிவம், புரியிடைத்தூரம் (அடுத்தடுத்த புரிகளுக்கு இடையிலான தூரம்), பிறகு தாடையென்பின் அடர்த்தி. அது வெறும் இறுக்கம். சில வாரங்களில் சுற்றியுள்ள பழைய என்பு கரைந்து பிடிப்புத் தளரும். புதிய என்பு அப்போது முற்றியிருக்காது. அந்த இடைவெளியில் 150 மைக்ரோமீற்றர் அளவுக்கு மேல் அசைந்துகொண்டிருந்தால் என்புக்குப் பதில் நாரிழையம் வளர்ந்துவிடும். இரண்டு நிலைக்கும் ஒரே சொல் இருந்தால், 'இறுகிவிட்டது' என்று கேட்டவர் அடுத்த கிழமையே ஒடியல்போலக் கடினமானதைக் கடிப்பார்.

மேற்பரப்புக்கு வருவோம். மணல் வீசி, அமிலத்தில் அரித்த பரப்பில் இரத்தக்கட்டின் நார்கள் நன்றாகப் பற்றிக்கொள்ளும். என்பாக்கும் கலங்கள் (செல்கள்) அந்த நார்வழியே உலோகம்வரை வந்து அங்கேயே என்பைப் படியவைக்கும். வழவழப்பான பரப்பில் நார்கள் இழுபட்டுக் கழன்றுவிடும். அப்போது தாடையென்பில் இட்ட துளையின் சுவரிலிருந்துதான் என்பு மெல்ல வரவேண்டும். முன்னதைத் 'தொடுவளர்ச்சி', பின்னதை 'அணுகுவளர்ச்சி' எனலாமா?

'கரடுமுரடு' மட்டும் வேண்டாம். நல்ல பலன் தரும் பரப்பின் மேடுபள்ளம் சராசரியாக 1 முதல் 2 மைக்ரோமீற்றர்தான். 'சொரசொரப்பு' போதும். முரசு (ஈறு) இறங்கி அந்தப் பரப்பு வெளியே தெரிந்தால் அதே சொரசொரப்பில் கிருமிகள் தங்கும் என்பதையும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தார். அதே யாழ்ப்பாணத்தில் இன்று ஒரு பல் வைத்தியர், என்ன செய்யப்போகிறார் என்பதை நோயாளிக்குத் தமிழில் சொல்லத் திணறுவது எனக்குப் பொறுக்கவில்லை.

'புரியிடைத்தூரம்' எங்கள் பௌதிகவியலில் திருகுக்கணிச்சிப் பாடத்தில் வரும் சொல். தமிழ்நாட்டு நண்பர்கள் வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள், எங்கள் சொற்பட்டியலில் இரண்டையும் போடுவோம்.