ஐவீயில் முன்னே நிற்கும் ஐக்குப் பெயர் என்ன? முற்குறை, பிற்கூட்டு

கிளிநொச்சியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம்.

உரோம இலக்கம் படிப்பிக்கும் குறிப்புக்கு இரண்டு சொல் தேவை. சிறிய எழுத்து பெரிய எழுத்துக்கு முன்னால் நின்றால் குறைக்கிறது, பின்னால் நின்றால் கூட்டுகிறது. முதலாவதைக் ‘கழித்தல் குறியீடு’ என்று எழுதினால் பிள்ளைகள் அதைச் சய அடையாளம் (−) என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். ‘சக’, ‘சய’ என்று சொல்லிக் கணக்கு வாசிக்கிற வகுப்பில் அந்தப் பெயர் சரிவராது.

கைத்தொலைபேசியில் பெரிய ஐயும் சிறிய எல்லும் ஒரே கோடாகத் தெரிவதால் இங்கே எழுத்துகளின் பெயரையே எழுதுகிறேன். ஐ 1, வீ 5, எக்ஸ் 10, எல் 50, சீ 100, டீ 500, எம் 1000.

என் முன்மொழிவு: முற்குறை, பிற்கூட்டு. முற்பகல், பிற்பகல் தெரிந்த பிள்ளைக்கு இடம் எது என்பது சொல்லிலேயே தெரியும்.

வன்னி மன்னன் பண்டாரவன்னியனை நினைவூட்டும் கற்சிலைமடுக் கல் குறிக்கும் ஆண்டு 1803. 1000, 800, 3 என்று பிரித்தால் எம் - டீசீசீசீ - ஐஐஐ. முழுக்கப் பிற்கூட்டு. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். 1000, 900, 80, 4 என்று பிரியும்: எம் - சீஎம் - எல்எக்ஸ்எக்ஸ்எக்ஸ் - ஐவீ. இதில் முற்குறை இரண்டு இடத்தில் வருகிறது, சீஎம்மும் ஐவீயும். இரண்டையும் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினால் வேறு விளக்கம் தேவைப்படாது.

வவுனியாவிலிருந்து:

சேர், ‘குறை’ என்றதும் குற்றங்குறை என்ற பொருள்தான் முதலில் வருகிறது. ‘முன்னெழுத்து’ என்று வைத்தால் என்ன? இன்னொன்று, சுவர் மணிக்கூட்டில் நாலுக்கு ஐஐஐஐ என்று போட்டிருக்கிறார்களே. பிள்ளை அதைக் காட்டிக் கேட்டால் பிழை என்று சொல்வதா?

ஒட்டுசுட்டானிலிருந்து:

பிழை என்று சொல்லவேண்டாம் ரீச்சர். உரோமர்களே இரண்டு விதமாகவும் எழுதினார்கள். ரோமில் உள்ள கொலோசியத்தின் 44ஆம் வாயிலில் எக்ஸ்எல்ஐஐஐஐ என்று வெட்டியிருக்கிறது. நாற்பதுக்கு முற்குறை, நாலுக்குப் பிற்கூட்டு, ஒரே இலக்கத்துக்குள். இப்போது பாடத்தில் உள்ள ஒழுங்கில் நாலு ஐவீ, அதைத்தான் விடைத்தாளில் எழுதவேண்டும் என்று சொன்னால் போதும்.

‘முன்னெழுத்து’ இடத்தை மட்டும் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. எங்கள் பழைய தமிழ் இலக்கங்களைப் பாருங்கள்: ௨ இரண்டு, ௰ பத்து. ௰௨ என்றால் பன்னிரண்டு, பின்னால் வருவது கூட்டுகிறது. ௨௰ என்றால் இருபது, முன்னால் வருவது பெருக்குகிறது. உரோம இலக்கத்தில் முன்னால் வருவது குறைக்கிறது. ஆக, முன்னால் நிற்பது என்ன செய்கிறது என்பதில்தான் இரண்டு முறையும் பிரிகின்றன. அந்த வேலையைச் சொல்லாத பெயர் எங்களுக்குப் பயன்படாது. குறை என்பதும் எண்ணோடு வந்தால் தெளிவான சொல்தான். ‘ஒண்டு குறைய நூறு’ என்றால் ஆரும் குற்றம் என்று நினைப்பதில்லை. இலத்தீனிலும் பேச்சில் அப்படித்தான்: பத்தொன்பதுக்கு ‘உந்தேவிகிந்தி’, இருபதுக்கு ஒன்று குறைய என்றே பொருள். முற்குறைக்கு என் சம்மதம்.

கிளிநொச்சியிலிருந்து:

அப்படியானால் வரைவிலக்கணத்தோடு சேர்த்தே எழுதிவிடுவோம். அனுமதிக்கப்படும் முற்குறைகள் ஆறு மட்டும்: ஐவீ 4, ஐஎக்ஸ் 9, எக்ஸ்எல் 40, எக்ஸ்சீ 90, சீடீ 400, சீஎம் 900. வீ, எல், டீ மூன்றும் முன்னால் நின்று குறைக்காது, அடுத்தடுத்து இரட்டிக்கவும் செய்யாது. ஐ, எக்ஸ், சீ, எம் தொடர்ந்து மூன்று தரம்வரை வரலாம்.

பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது 99இல். நூறுக்கு ஒன்று குறைய என்று மனதில் சொல்லிக்கொண்டு ஐசீ என்று எழுதிவிடுவார்கள். முற்குறை முழு எண்ணுக்கு அல்ல, ஒவ்வொரு இடப்பெறுமானத்துக்கும் தனித்தனியே என்பது அங்கேதான் தவறிப்போகிறது. 90 எக்ஸ்சீ, 9 ஐஎக்ஸ், ஆகவே 99 எக்ஸ்சீஐஎக்ஸ். 49உம் அதேபோல எக்ஸ்எல்ஐஎக்ஸ், ஐஎல் அல்ல. முதலில் ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று பிரித்து எழுதிவிட்டுப் பிறகு மாற்றச் சொன்னால் இந்தப் பிழை வராது. பூச்சியம் உள்ள இடத்தில் ஒன்றும் எழுதுவதில்லை: 1905 எம் - சீஎம் - வீ.

வாசிக்கும்போது இடமிருந்து வலம். அடுத்த எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் இரண்டையும் சேர்த்து ஒரு முற்குறையாக எடுக்கவேண்டும்.

வவுனியாவிலிருந்து:

‘குறைய’ என்ற பேச்சு வழக்கை மறந்துவிட்டேன். சரி, முற்குறை.

மேலே கோடு போட்டு ஆயிரத்தால் பெருக்குவதை ‘மேற்கோடு’ என்று எழுதலாமா? வீயின் மேல் கோடிட்டால் 5000. மூன்று எம்முக்கு மேல் போகாமல் எழுதக்கூடிய பெரிய எண் 3999தான், அதற்கு மேல் இது வேண்டும். ஆனால் வினாத்தாள் தலைப்பில் ஐஐயைப் பதினொன்று என்று வாசிக்காமல் இருக்க இரண்டு எழுத்தையும் மேலேயும் கீழேயும் கோட்டால் இணைத்து எழுதும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அவசரத்தில் கீழ்க்கோடு விடுபட்டால் அது 2000 ஆகிவிடும். ஒவ்வொரு ஐக்கும் தனித்தனியே சிறு தலையும் அடியும் போடச் சொல்லி, மேற்கோடு பற்றிய பந்தியிலேயே எழுதிவிடுங்கள் சேர்.