மறுமொழி: முதல்முறை கணினிக் கையேடு – தெர்மல் பேஸ்ட்டுக்குப் ‘பசை’ வேண்டாம், ‘சாந்து’ வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையில் வந்த மடல்களை நேற்றிரவு ஒரே மூச்சில் படித்தேன். முதல்முறை கணினி பூட்டுகிறவர்களுக்காக நாம் எழுதிவரும் கையேட்டின் ஐந்தாம் பகுதி, அதாவது ப்ராசஸர் மேல் அதன் சூட்டை இறக்கும் கூலரைப் பொருத்தும் இடம், ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் வைக்கும் தெர்மல் பேஸ்ட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? வரைவில் ‘வெப்பப் பசை’ என்று இருக்கிறது. அதை எழுதியவள் நான்தான். அதை எடுத்துவிட வேண்டும் என்று இப்போது கேட்பவளும் நான்தான். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் அக்கா மகன் முதல்முறையாகத் தானே ஒரு கணினியை அசெம்பிள் செய்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சென்னைக்கு வந்து என்னோடு ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்து ஒவ்வொன்றாக வாங்கினான். ஏஎம்4 வகைச் சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள மதர்போர்டு, ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், இரண்டு 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட், நான்கு செம்புக் குழாய் வைத்த ஒரு டவர் கூலர். அத்தனையையும் திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய், வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டான். நம் வரைவை அவனுக்கு அனுப்பியிருந்தேன். புதிதாக ஓர் ஆள் அதைப் பார்த்து வேலை செய்தால் எங்கே இடறுகிறது என்று நமக்குத் தெரியுமே என்று நினைத்தேன்.

ராம், எஸ்எஸ்டி, பவர் வயர்கள் எதிலும் சிக்கல் இல்லை. மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது. திரையில் பயாஸ், அதாவது கணினியின் தொடக்க அமைப்புத் திரை, வந்துவிட்டதாம், ஆனால் ப்ராசஸர் சூடு ஏறிக்கொண்டே போகிறதாம். வீடியோவில் காட்டினான். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும் கணினியில் 70 டிகிரி செல்சியஸ் தாண்டி, 75 தாண்டி, 80ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உடனே அணைக்கச் சொன்னேன். பேஸ்ட் எப்படிப் போட்டாய் என்று கேட்டேன்.

“நீங்க எழுதினபடிதான் சித்தி. பசைன்னு போட்டிருந்தீங்க. ரெண்டு பக்கமும் தடவி, பத்து நிமிஷம் ஃபேன் காத்துல காயவிட்டு, அப்புறம் வெச்சு அழுத்தினேன்.”

அவன் அப்பாவுக்கு சைக்கிள் கடை. சின்ன வயதிலிருந்தே பஞ்சர் ஒட்டிப் பழகிய கை அது. ட்யூபைத் தேய்த்து, ட்யூபிலும் ஒட்டுத் துண்டிலும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பிடிக்காது. பசை என்றால் அவன் கைக்குத் தெரிந்தது அதுதான். அந்தச் சொல் கேட்டதைத்தான் அவன் செய்திருக்கிறான்.

கூலரைக் கழற்றச் சொல்லிக் கேமராவை அருகில் கொண்டுவரச் சொன்னேன். ப்ராசஸர் மூடியின் மேல் சாம்பல் நிறத்தில் தடிமனாக ஒரு படலம். அங்கங்கே பொக்கு பொக்காகக் காற்றுக்குமிழ் வட்டங்கள். ஒரு மூலையில் அவன் ஆள்காட்டி விரலின் ரேகை அச்சாக அப்படியே இருந்தது. அதாவது, அந்த மூலையில் கூலரின் அடி பேஸ்ட்டைத் தொடவே இல்லை.

அன்றிரவுதான் நான் நம் வரைவைத் திறந்து அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லை முடிவு செய்யும் முன், அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம். ப்ராசஸரின் மூடி நிக்கல் பூசிய செம்பு. பார்க்கக் கண்ணாடிபோல இருக்கும். ஒரு எஃகு அளவுகோலின் விளிம்பை அதன் மேல் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பல மூடிகளில் விளிம்புக்கு அடியில் வெளிச்சம் கீற்றாகக் கசியும். கூலரின் அடியும் அப்படித்தான். இரண்டையும் எவ்வளவு இறுக்கினாலும் சில இடங்களில்தான் உலோகம் உலோகத்தைத் தொடும், மிச்சமெல்லாம் காற்று. செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 400 வாட். காற்றுக்கு அது 0.026தான். நாம் கடையில் வாங்கும் பேஸ்ட்டுக்குப் பெரும்பாலும் 4க்கும் 12க்கும் நடுவில் ஏதோ ஓர் எண் போட்டிருப்பார்கள். செம்போடு ஒப்பிட்டால் அது மட்டமான கடத்தி. காற்றோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேல். ஆகவே அதன் வேலை ஒன்றே ஒன்று: பள்ளத்தில் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்வது. ஒட்டுவது அதன் வேலை இல்லை. கூலரைப் பிடித்திருப்பவை நான்கு திருகாணிகள். அளவு கூடினால் நல்லது என்பதும் தவறு. தேவைக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு படலமும் வெப்பத்துக்குத் தடை.

(இதனால்தான் ‘குளிர்பசை’, ‘குளிர்விப்பான் பசை’ என்று வந்த யோசனைகளை நான் ஏற்கவில்லை. அதில் குளிர்ச்சி ஏதும் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டவர் நிறையப் போட்டால் நிறையக் குளிரும் என்றுதான் எண்ணுவார்.)

சரி, இனி மடல்களுக்கு வருகிறேன்.

> பற்பசை என்கிறோம். அதை வைத்து யாராவது காகிதம் ஒட்டுகிறார்களா? பசை என்றால் குழைவான பொருள் என்ற பொருளும் வழக்கில் இருக்கிறதே.

ஐயா, இந்த இழையிலேயே வலுவான மறுப்பு உங்களுடையதுதான். இரண்டு நாள் யோசித்தேன். பற்பசை தினமும் காலையில் நம் கையில் இருக்கிறது. பொருள் கண்முன் இருப்பதால் சொல் நம்மை ஏமாற்ற முடியாது. கணினி பூட்டுகிறவர் இந்தப் பொருளை வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறார், ஊசி போடும் சிரிஞ்சு போன்ற ஒரு சின்னக் குழலில். அதை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் பெயரைத் தவிர அவருக்கு வேறு பிடி இல்லை. பெயரில் பசை இருந்தால், போஸ்டர் ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசையும் சைக்கிள் சொல்யூஷனும்தான் நினைவுக்கு வரும்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். வெப்பத்தைக் கடத்தும் உண்மையான பசையும் சந்தையில் இருக்கிறது. ராஸ்பெரி பை மாதிரிச் சின்னப் போர்டுகளில், திருகாணி போட இடம் இல்லாத சிப் மேல் குட்டி ஹீட் சிங்கை (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டை) நிரந்தரமாக ஒட்டுவதற்கு அது. இறுகிவிட்டால் பிரிக்கும்போது சிப்பே உடைந்துபோகலாம். ‘வெப்பப் பசை’ என்ற பெயரை இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன பெயர் வைப்போம்? தமிழில் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் அதை வாங்கி ப்ராசஸர் மேல் போட்டால், அந்த நஷ்டத்துக்கு நாம்தான் காரணம். செயலி என்ற சொல்லுக்கு நேர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். ப்ராசஸருக்கு என்று எழுதிவந்த சொல், இன்று கைப்பேசியில் இறக்குகிற ஆப்புக்குப் போய்விட்டது. கையேட்டில் ‘செயலியைப் பொருத்துக’ என்று படித்த பையன் என்ன பொருத்துவது என்று விழிக்கிறான். மறுபடி ஒரு சொல்லில் இரண்டு பொருளை ஏற்ற வேண்டாம்.

> சில மாதம் கழித்துக் கழற்றினால் அது ஒட்டிக்கொண்டுதானே வருகிறது? கூலரைத் தூக்கினேன், ப்ராசஸரும் சேர்ந்து வந்துவிட்டது. அப்படியிருக்கப் பசை என்பதில் என்ன தவறு?

நண்பருக்கு நடந்தது ஏஎம்4இல் பலருக்கும் நடப்பது. அதில் ப்ராசஸரின் அடியில் 1331 ஊசிகள். சாக்கெட்டின் பிடி மேல்நோக்கி இழுக்கும் இழுப்புக்குத் தாங்காது. காய்ந்த பேஸ்ட் இடையில் காற்றுப் புக விடாமல் பிடித்துக்கொள்ளும். 2022இல் வந்த ஏஎம்5இல் ஊசிகள் சாக்கெட்டுக்கு மாறிவிட்டன, ப்ராசஸரின் மேல் இரும்புச் சட்டம் ஒன்றும் அழுத்திப் பிடிக்கிறது, அதனால் இந்தத் தொல்லை இல்லை. ஏஎம்4 வைத்திருப்பவர்கள் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிறகு தூக்க வேண்டும். இதைக் கையேட்டில் தனிப் பத்தியாகச் சேர்த்துவிடுகிறேன். ஆனால் அந்த ஒட்டுதல் பொருள் பழசானதால் வரும் கோளாறு. சர்வீஸ் கடையில் “பேஸ்ட் காஞ்சு போச்சு, மாத்தணும்” என்பார்கள். கோளாறை வைத்துப் பெயர் சூட்டலாமா?

இனி களிம்பு. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அண்ணா ‘வெப்பக் களிம்பு’ என்று முன்மொழிந்தபோது முதலில் கை தூக்கியவள் நான். புண்ணுக்குப் போடும் களிம்பு போலவே இருக்கிறது, குழலில் வருகிறது, ஒட்டாது. அருமை என்றுதான் நினைத்தேன். பிறகு மதுரை அக்காவின் மடல் வந்தது. செம்பில் களிம்பு என்றால் தமிழில் வேறு ஒரு பொருள் உறுதியாக உட்கார்ந்திருக்கிறது, செம்புக் குடத்தில் ஏறும் பச்சைப் படிவு. உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தத்தில் சொல்லும் உவமையே அதுதான். இங்கே மூடியும் செம்பு, கூலரின் அடியும் செம்பு. ‘செம்புப் பரப்பில் களிம்பு சமமாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் புளி போட்டுத் தேய்க்கத்தான் கை போகும். அக்கா சொன்னது என்னை முழுதாக மாற்றிவிட்டது. அதோடு, களிம்பு என்றால் கை தானாகச் செய்வது தேய்ப்பது. தோலில் மறையும்வரை தேய்த்துத் தேய்த்துப் பரப்புவோம். இங்கே அதுவும் ஆகாது.

இதிலிருந்துதான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. சொல்லைக் கேட்டதும், முன்பின் பழக்கம் இல்லாத கை என்ன செய்யும்? பசை என்றால் இரண்டு பக்கமும் தடவிக் காயவிடும். களிம்பு என்றால் தேய்க்கும். சரியான செய்கை எது? ஒரு பக்கம் மட்டும் ஒரு துளி வைத்து, ஈரம் போவதற்குள் மற்றதை நேராக இறக்கி அழுத்துவது. அழுத்தமே அதைப் பரப்பிவிடும்.

இதைத் தினமும் செய்கிறவர் கொத்தனார். செங்கல் வரிசையின் மேல் சாந்தை வைக்கிறார், ஈரத்தோடு அடுத்த கல்லை இறக்குகிறார், தட்டி உட்காரவைக்கிறார், பிதுங்கியதைக் கரண்டியால் வழிக்கிறார். மேடு பள்ளமான இரண்டு பரப்புக்கு நடுவில் சந்து விடாமல் நிரப்புவது சாந்து. அதனால் என் முன்மொழிவு: வெப்பச் சாந்து.

ஆட்சேபம் வரும் என்று தெரியும். கட்டடச் சாந்து இறுகும், கல்லைப் பிடிக்கும், அரை அங்குலத் தடிமன் வைப்பார்கள். உண்மை, இது குறைதான். ஆனால் சாந்துக்குத் தமிழில் இன்னொரு முகமும் இருக்கிறது, நெற்றியில் வைக்கும் சாந்து. குழைவானது, விரல் நுனியளவு போதும், நடுவில் ஒரு பொட்டு. ப்ராசஸர் மூடியின் நடுவில் வைக்க வேண்டிய அளவும் இடமும் கிட்டத்தட்ட அதுவேதான். ஆங்கிலக் காணொளிகளில் பட்டாணி அளவு என்கிறார்கள். நம் கையேட்டில் ‘சாந்துப் பொட்டு அளவு’ என்று எழுதினால், எவ்வளவு, எங்கே என்ற இரண்டு கேள்விக்கும் சொல்லிலேயே பதில் இருக்கும். கொத்தனார் சாந்து செய்முறையைச் சொல்கிறது, பொட்டுச் சாந்து அளவைச் சொல்கிறது. வேறு எந்தச் சொல்லிலும் இந்த இரண்டும் சேர்ந்து எனக்குக் கிடைக்கவில்லை.

சோதித்தும் பார்த்தேன். மறுநாள் பையன் மொபைல் ரிப்பேர் கடையில் கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வாங்கிவந்து, பழைய படலத்தைத் துடைத்து எடுத்தான். போனில் நான் சொன்னது இவ்வளவுதான்: “நடுவில் சாந்துப் பொட்டு மாதிரி வை. செங்கல் வைக்கிற மாதிரி கூலரை இறக்கு.” காயவிடணுமா என்று அவன் கேட்கவே இல்லை. நான்கு திருகாணிகளையும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினான். அரை மணி நேரம் முழுப் பளுவில் ஓட்டியும் 65ஐத் தாண்டவில்லை.

ஆக, மூன்று பொருளுக்கு மூன்று சொல். பேஸ்ட்டுக்கு வெப்பச் சாந்து, நிரந்தரமாக ஒட்டுவதற்கு வெப்பப் பசை, எஸ்எஸ்டி மேல் வைக்கும் மெத்தென்ற பட்டைக்கு வெப்பத் திண்டு. கடையில் கேட்கும்போது ‘பேஸ்ட்’ என்றே கேட்கட்டும். அதையும் கையேட்டில் ஒருமுறை தமிழ் எழுத்தில் கொடுத்துவிடுவோம். ஐந்தாம் பகுதியின் வரி இப்படி வரும்:

“ப்ராசஸர் மூடியின் நடுவில் சாந்துப் பொட்டு அளவு வெப்பச் சாந்து வையுங்கள். விரலால் பரப்ப வேண்டாம், காயவிட வேண்டாம். ஈரத்தோடு கூலரை நேராக இறக்கி, எதிரெதிர் மூலைத் திருகாணிகளை மாற்றி மாற்றி முடுக்குங்கள்.”

மறுப்பு உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். ஐயா, குறிப்பாக உங்கள் மடலுக்குக் காத்திருப்பேன்.

அப்புறம், ஆறாம் பகுதியில் ஸ்டாண்ட்ஆஃப் இருக்கிறது. மதர்போர்டின் அடிப்பக்க ஈயப்பற்றுகள் கேபினெட் தகட்டில் படாமல் தூக்கிப் பிடிக்கும் குட்டிப் பித்தளைக் கால்கள். அவற்றை மறந்து போர்டை நேராகத் தகட்டில் முடுக்கினால் ஷார்ட் ஆகிவிடும். வரைவில் ‘நிறுத்தி’ என்று போட்டிருக்கிறோம், அது பிரேக் மாதிரி கேட்கிறது. ‘தாங்குகால்’ என்று வைத்தால், போர்டை இறக்கும் முன் கால்களை முடுக்க வேண்டும் என்று கைக்குத் தோன்றுமா?

அன்புடன்.