வாட்ஸ்அப்பில் வரும் வேலை விஷயங்களை எப்படிக் காப்பாற்றி வைப்பது?

பணகுடிக்காரன்:
காற்றாலை பராமரிக்கும் பெரிய கம்பெனியில் இருக்கிறேன். பணகுடி, ராதாபுரம், கயத்தாறு என்று சைட் சைட்டாகச் சிதறிக் கிடக்கிறோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். வேலை கற்றுக்கொள்வதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான். போன ஆடியில், காற்று நன்றாக அடிக்கிற நேரத்தில் ஒரு காத்தாடி நின்று நின்று போனது. மேனுவலில் உள்ளதெல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு அண்ணாச்சி, "மோட்டாரை விடுங்கடே, கேபிள் முறுக்கை எண்ணுகிற சென்சாரைப் பாருங்க" என்று குரல் பதிவு போட்டார், அதுதான் கோளாறு. இப்போது தேடினால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. கம்பெனி ஒரு ஆப் கொடுத்தது, எல்லாக் கட்டத்தையும் ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும், ஒருவரும் எழுதவில்லை. அண்ணாச்சி அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். என்ன செய்யலாம்?

அம்பாசமுத்திரம் வாசகர்:
தம்பி, ஜெராக்ஸ் கம்பெனியிலும் இதேதான். மெஷின் ரிப்பேர் செய்கிறவர்கள் டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்கிற கதைகளில்தான் உண்மையான வேலை ஞானம் இருக்கிறது என்று ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் கூடவே சுற்றிக் கண்டறிந்தார். பிறகு 1990களில் 'யுரேகா' என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். ஒருவர் எழுதும் குறிப்பை அனுபவசாலிகள் சரிபார்த்து, எழுதியவர் பெயரோடு எல்லாருக்கும் அனுப்புவார்கள். பெயர் நிற்பதுதான் முக்கியம். உங்கள் ஆப்பில் அண்ணாச்சி பெயர் எங்கே வருகிறது?

மில்காரி:
நான் நூற்பாலையில் இருக்கிறேன். எங்கள் செக்‌ஷனில் ஒரு பையன், குரூப்பில் வருகிற குரல் பதிவுகளைக் கேட்டு, மெஷின் பெயர், கோளாறு, தீர்வு, சொன்னவர் என்று நாலே வரி தமிழில் எழுதி வைக்கிறான். சொல்கிறவரை எழுதச் சொல்லாதீர்கள், பேச விடுங்கள். அந்தப் பையனுக்கு ஷிஃப்டில் அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லி மேலாளரிடம் சண்டை போட்டுத்தான் வாங்கினேன். வணக்கப் படங்களுக்கு வேறு குரூப் தொடங்குங்கள், தடை போட்டால் கோபப்படுவார்கள்.

வள்ளியூர்:
ஆப்பை மட்டும் நம்பாதீர்கள். ஃபேஸ்புக் 2016இல் அலுவலகங்களுக்கென்று தொடங்கிய வொர்க்பிளேஸையே மூடப்போவதாக 2024இல் அறிவித்துவிட்டது. பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

பணகுடிக்காரன்:
நன்றி அக்கா, நாலு வரி யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ன கோளாறு என்று அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்யப்போகிறேன்.