வெறும் 6 வாட்டில் அட்லாண்டிக்கைத் தாண்டியது எப்படி?

விண்கிறுக்கன்:
1965 ஏப்ரல் 6 அன்று ஏவிய ‘ஏர்லி பேர்ட்’, அதாவது இன்டெல்சாட் 1 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உடம்பைச் சுற்றி 6,000 சூரிய மின்கலங்கள் ஒட்டியும் கிடைத்தது 45 வாட் அளவுதான். டிரான்ஸ்மிட்டர் 6 வாட். கிட்டத்தட்ட 36,000 கி.மீ. உயரத்திலிருந்து இதை வைத்து டிவி படம் அனுப்பினார்களாம். கணக்கு இடிக்கிறதே?

பழைய டிஷ்காரன்:
தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இடிக்காது. நான் செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி அனுப்பும் தரைநிலையத்தில் வேலை பார்த்தவன், எங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன்!

சுற்றுப்பாதையில் அதன் எடை 40 கிலோகூட இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஆண்டோவரில் அதன் சிக்னலைப் பிடித்த ஊதுகொம்பு வடிவ ஆண்டெனாவோ 54 மீட்டர் நீளம், 340 டன். வந்து சேரும் சிக்னல் அவ்வளவு மெலிசு என்பதால் முதல் பெருக்கியைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்தார்கள். பெருக்கியின் சொந்த இரைச்சலிலேயே சிக்னல் முங்கிவிடக் கூடாதல்லவா?

அந்த 6 வாட்டும் முழுசாகப் பூமிக்கு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. நிலை தடுமாறாமல் இருக்கச் செயற்கைக்கோள் பம்பரமாகச் சுழன்றுகொண்டே இருக்கும், ஆண்டெனாவும் கூடவே சுழலும். அதனால் சிக்னல் ஒரு வளையம்போல எல்லாப் பக்கமும் பரவும். பெரும்பங்கு வெற்று வெளிக்குத்தான். மிச்சத்தையாவது உருப்படியாக்க, வளையத்தை வடக்கே சாய்த்து அமைத்தார்கள். பேச வேண்டிய இரண்டு கரைகளும் வட அரைக்கோளத்தில்தானே இருந்தன.

விண்கிறுக்கன்:
சரி, இப்போது புரிகிறது. 240 தொலைபேசி இணைப்புகள் என்கிறார்களே, டிவியும் கூடவே ஓடுமா?

பழைய டிஷ்காரன்:
ஓடாது. 240 பேச்சு, இல்லையென்றால் ஒரே ஒரு டிவி. அதுமட்டுமல்ல, ஒரு நேரத்தில் இரண்டு நிலையங்கள்தான் அதன் வழியாகப் பேசலாம். ஐரோப்பாவில் பிரிட்டனின் கூன்ஹில்லி, பிரான்சின் ப்ளூமர்-போடூ, ஜெர்மனியின் ரைஸ்டிங் ஆகிய மூன்று தரைநிலையங்களும் முறை வைத்துக்கொண்டன. மற்ற ஊர்களுக்கெல்லாம் அங்கிருந்து தரைவழிதான்.

நள்ளிரவு வாசகர்:
ஒன்றரை வருடத்துக்கென்று செய்தது நாலு வருடம் போல உழைத்தது. ஓய்வு கொடுத்த பிறகும், 1969-ல் அட்லாண்டிக்கின் மேலிருந்த புதுச் செயற்கைக்கோள் மக்கர் செய்ய, அப்பல்லோ 11 நிலவுப் பயணச் சமயத்தில் இதை மறுபடி எழுப்பினார்கள். அப்புறம், சிக்னல் அவ்வளவு உயரம் போய்வருவதால் குரல் தாமதமாக வருமே, அது பேசுகிறவர்களுக்குத் தொந்தரவாக இல்லையா?

பழைய டிஷ்காரன்:
இருந்தது. நாம் பேசி முடித்து எதிராளியின் குரல் திரும்பிவர அரை விநாடிக்கு மேல் ஆகும். சும்மா இருக்கிறாரே என்று நாமும் ஆரம்பிப்போம், அதற்குள் அவர் பதில் வந்து முட்டும். எதிரொலியை அடக்க ஒருவர் பேசும்போது மறுபக்கத்தை அமுக்கும் கருவி வேறு. இருவரும் சேர்ந்து பேசினால் சொல்லின் தலையோ வாலோ வெட்டுப்படும். பேச்சை வெட்டாமல் எதிரொலியை மட்டும் நீக்கும் எக்கோ கேன்சலர் பிற்பாடுதான் புழக்கத்துக்கு வந்தது.