ஐஸில் வைத்தும் நெத்திலிக்கு வயிறு வெடிப்பது ஏன்?

பழைய வண்ணை:
காசிமேட்டில் காலை ஏலம் முடிந்த கையோடு நெத்திலி வாங்கி, ஐஸ் போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். மதியம் கழுவ எடுத்தால் செவுள் சிவப்பு, கண் பளிச், நாற்றமும் இல்லை, ஆனால் பாதி மீனுக்கு வயிறு கிழிந்து குடல் வெளியே கிடக்கிறது. அதே பையில் இருந்த வஞ்சிரத் துண்டு கல்லு மாதிரி இருக்கு. பையன் பிளஸ் டூ, "நொதி வேலைப்பா" என்கிறான். குளிரில் நொதி வேலை செய்யாது என்றும் அவனே சொல்கிறான். எது சரி?

தண்டையார்பேட்டை லேப்:
முதலில் சொன்னது சரி அண்ணா. மீனின் குடலில் டிரிப்சின் போன்ற செரிமான நொதிகள் இருக்கு. உயிரோடு இருக்கும்வரை குடல் சுவருக்குப் பாதுகாப்பு உண்டு, செத்தபின் கிடையாது, இரையை அறுத்த நொதி வயிற்றையே அறுக்க ஆரம்பிக்கும். நொதி என்பது மடிந்து சுருண்ட ஒரு புரதம், அதில் இருக்கும் குழிவில் பொருந்துகிற பொருளை மட்டும் பிடிக்கும், பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றலைக் குறைத்து உடைத்துவிடும், அப்புறம் அடுத்ததைப் பிடிக்கும். தான் தீர்ந்துபோகாது, அதனால் துளி இருந்தாலே போதும்.
குளிர் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். 10 டிகிரி இறங்கினால் வேகம் ஏறக்குறைய பாதி; 30-லிருந்து 0-க்கு வந்தால் எட்டில் ஒரு பங்கு மிச்சம். நெத்திலியின் மெல்லிய வயிற்றுக்கு அதுவே தாராளம். இரை தின்றுகொண்டிருந்தபோது வலையில் மாட்டிய மீன் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். வஞ்சிரத்துக்குக் குடலை எடுத்துவிட்டுத்தானே துண்டு போடுகிறார்கள்!

எண்ணூர் பையன்:
அப்போ ஃப்ரீஸரில் போட்டா நொதி செத்துடுமா?

தண்டையார்பேட்டை லேப்:
சாகாது, கிட்டத்தட்ட தூங்கும். வெளியே எடுத்து ஐஸ் கரைந்ததும் மறுபடி வேலையைத் தொடங்கும். வேகவைத்தால்தான் மடிப்பு குலையும், வெந்த முட்டை வெள்ளை பழையபடி ஆகாத மாதிரி அதுவும் திரும்பாது. அமிலம் விஷயம் நொதிக்கு நொதி மாறும்: நம் இரைப்பையின் பெப்சினுக்கு பிஹெச் (அமில அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 2 பக்கம்தான் வசதி, சிறுகுடலில் இருக்கும் டிரிப்சினுக்கு 8 பக்கம்.

ராயபுரம் அக்கா:
கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிடும் என்று மட்டும் நினைக்காதீங்க. காணாங்கத்தை, சூரை வெயிலில் கிடந்தால் அதில் வளரும் கிருமிகளின் நொதி ஒன்று, மீனில் உள்ள ஹிஸ்டிடின் என்கிற அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்கிற, ஒவ்வாமை மாதிரித் தொல்லை தரும் பொருளாக மாற்றிவிடும். குழம்பு கொதித்தால் கிருமியும் நொதியும் போகும், ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு. நாற்றம் வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அந்த ரெண்டு மீனும் ஐஸில் புதைந்து கிடக்கிற கடையில்தான் வாங்குவேன். நெத்திலியிலும் ஹிஸ்டமின் வரலாம், அதையும் ஐஸில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்க. வாங்கினதும் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும், அப்புறம் ஐஸ் போடுங்க.